பாம்புள்ள ஊரில் நான்கு வருடம்: ஒரு கொசுவலை, ஒரு டார்ச், ஒரு ஜோடி கம்பூட்ஸ்

மொத்தச் செலவு 1,850 ரூபாய். கொசுவலை 620, டார்ச் 750, கம்பூட்ஸ் (முழங்கால் உயர பூட்) 480. மூன்றையும் மதுராந்தகம் கடைத்தெருவில் மூன்று கடைகளில் வாங்கினேன். பெயர் பெற்ற கம்பெனிப் பொருள் எதுவும் இல்லை, அதனால் பெயரைத் தேட வேண்டாம். எந்த மாதிரி, எந்த அளவு என்பதுதான் முக்கியம். நான்கு வருடம் தினமும் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

2021-ல் அம்பத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு என் அத்தையோடு (கணவரின் அம்மா) ஊருக்கு வந்துவிட்டேன். மதுராந்தகத்திலிருந்து உள்ளே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்றே கால் ஏக்கர் நிலம், பாதி நெல், பாதி மல்லாட்டை (நிலக்கடலை). வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், அதைத் தாண்டினால் ஏரிக்கரை. பாத்ரூம் வீட்டை விட்டு இருபதடி தள்ளி. வந்த முதல் மாதத்திலேயே மூன்று பாம்பு பார்த்தேன். ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போகப் பயந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். அத்தை நேர் எதிர். எழுபத்தாறு வயதில் திண்ணையில் பாயை விரித்துப் படுப்பார். “அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும், உன்ன என்னம்மா பண்ணப் போவுது” என்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுவார்.

பயத்தில் நான் முதலில் வாங்கியது இந்த மூன்றும் இல்லை. ஆன்லைனில் பாம்பு விரட்டும் சோலார் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். மண்ணில் குத்தி வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘கிர்ர்’ என்று அதிரும். நான்கு கருவி 1,400 ரூபாய். வீட்டைச் சுற்றி நாலு மூலையிலும் குத்தினேன். மூன்றாவது வாரம், மேற்கு மூலைக் கருவிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சாரை முழுச் சட்டையையும் உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வைத் தாடை வழியாக உணரும் என்பது உண்மைதான். ஆனால் அதிர்ந்துகொண்டே இருக்கிற பம்பு செட் கொட்டகையிலும் ரைஸ் மில் ஓரத்திலும் பாம்பு இருக்கத்தானே செய்கிறது? அந்தப் பணத்தைத் தயவுசெய்து யாரும் செலவழிக்காதீர்கள். வீட்டைச் சுற்றித் தூவுகிற பொடியும் அப்படித்தான். ஒரு மழையில் கரைந்து போனது.

சரி, கொசுவலைக்கு வருகிறேன். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

காரணம் கட்டுவிரியன். நம் ஊரில் அதிகம் பேரைக் கொல்கிற நால்வரில் ஒன்று அது. மற்றவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நல்ல பாம்பு படம் எடுத்து நிற்கும், கண்ணாடி விரியன் சீறும். கட்டுவிரியன் ராத்திரியில் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது நசுங்கினால் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீங்காது. எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் வயிறு வலிக்கும், கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு விட முடியாமல் போகும். பாயில் படுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. நேபாளத்தின் தராய்ப் பகுதிக் கிராமங்களில் செய்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து நன்றாகக் குறைவதைக் காட்டியது. கொசுவுக்கு வாங்குகிற வலை பாம்புக்கும் வேலி ஆகிறது.

ஆனால் எல்லா வலையும் ஆகாது. கடையில் முதலில் எடுத்துக் காட்டியது, குடை மாதிரி விரிந்து அடியிலும் துணி தைத்து ஜிப் வைத்த கூடாரம். பார்க்கப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஒரு மாதம் அத்தைக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கிற வயதானவர் இருட்டில் ஜிப்பைத் தேடித் திறந்து, குனிந்து வெளியே வந்து, மறுபடி மூட முடியாமல் திறந்தபடியே விட்டுவிடுகிறார். மூடாத வலை இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் நாலு மூலையில் கயிறு கட்டித் தொங்கவிடுகிற பழைய சதுர வலைக்கு மாறினோம். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உயரம். தரையில் படுப்பவருக்கு வலை கீழே வந்து, பாய்க்கு அடியில் ஒரு முழமாவது மடித்துச் செருக வேண்டும். தொங்கலாக விட்டால் பிரயோஜனம் இல்லை. எங்கள் வலை ஆறடி உயரம். திண்ணைத் தூணில் ஆணியைத் தாழ்த்தி அடித்ததால் செருகுவதற்குத் தாராளமாகத் துணி கிடைத்தது. இன்னொன்று, வலையை ஒட்டிப் படுக்கக் கூடாது. கையோ காலோ வலையில் பட்டுக்கொண்டிருந்தால் கொசுவும் கடிக்கும், பாம்பும் கடிக்கலாம். இரண்டு பேர் படுக்கிற அளவு வலையை ஒருவருக்கு வாங்கினால் சரியாக இருக்கும்.

2023 ஆகஸ்டில் ஒரு ராத்திரி. மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை. அத்தை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து டார்ச்சைத் தரையில் அடித்தேன். சுவரும் தரையும் சேர்கிற இடத்தில், அத்தையின் தலைமாட்டுக்கு இரண்டடி தள்ளி, கறுப்பாக, பளபளவென்று, வெள்ளை வளையம் போட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. வலையின் ஓரத்தைத் தொட்டது, திரும்பியது, திண்ணைப் படியில் இறங்கிவிட்டது. அத்தை எழுந்திருக்கவே இல்லை. நான் கத்தவில்லை. முதல் மாதமாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன், அவர் பதறி எழுந்து காலை வெளியே வைத்திருப்பார்.

காலையில் பக்கத்துக் குடியிருப்பு இருளர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வளையம் தலகிட்ட நல்லா தெரிஞ்சுதா, வால்கிட்ட நல்லா தெரிஞ்சுதா?” கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வால் பக்கம் போகப் போகப் பளிச்சென்று ஆகும். அதே மாதிரி கோடு போட்டு, பல்லி பிடிக்கச் சுவரேறுகிற விஷமில்லாத பாம்பு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பக்கம் பளிச்சென்றும் வால் பக்கம் மங்கியும் இருக்கும். நான் பார்த்ததில் வால் பக்கம்தான் பளிச். “அப்ப அதேதாம்மா” என்றவர், வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளிவைக்கச் சொன்னார். இந்த அடையாளத்தைப் படித்துவிட்டு யாரும் குனிந்து வளையம் எண்ண வேண்டாம். சந்தேகம் இருந்தால் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொண்டு விலகுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம், வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

அந்த அண்ணனின் அப்பா, வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாம்பு கொடுத்தவர். 1978-ல் தொடங்கிய சங்கம் அது. அதற்கு முன் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த மக்கள், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தொழில் இல்லாமல் நின்றபோது பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு உருவானது. பாம்பைப் பிடித்து, மண் பானையில் வைத்து, சில வாரத்தில் சில முறை விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு அந்த விஷம் போகிறது. சங்கம் இருக்கிற முதலைப் பண்ணை வளாகத்துக்குப் போய் நான் அதை நேரில் பார்த்தேன். அவர்கள் பானை வாயில் கட்டிய துணியை அவிழ்க்கிற நிதானத்தைப் பார்த்தபோதுதான், பயமில்லாமல் இருப்பதும் கவனமில்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று எனக்குப் புரிந்தது. அத்தையிடம் இருந்தது இரண்டாவது, என்னிடம் இரண்டுமே இல்லை. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் ஊர்க் குடியிருப்பில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

டார்ச். தூரத்துக்கு அடிக்கிற டார்ச்சைக் கடைக்காரர் புகழ்ந்து காட்டுவார், வாங்காதீர்கள். அது ஏரிக்கரை மரத்தில் ஒரு வட்டம் காட்டும், காலடியில் ஒன்றும் தெரியாது. நமக்கு வேண்டியது நாலடிக்கு முன்னால் தரை முழுக்கப் பரவுகிற வெளிச்சம். கண்ணாடி விரியன் மனிதர் வந்தால் பெரும்பாலும் ஓடாது. காய்ந்த இலை மாதிரி வரப்போரம் சுருண்டு கிடக்கும். குக்கர் விசில் வருவதற்கு முன் வருகிற மாதிரி ஒரு சீறல் கேட்கும், அதுவும் மிதிக்கப் போகிற நேரத்தில்தான். வெளிச்சம் அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். செல்போன் வெளிச்சம் போதாது. போன் வந்தால் காதில் வைத்துக்கொண்டு இருட்டில் நடக்கிறோம், நானே செய்திருக்கிறேன். நான் வாங்கியது சார்ஜ் போடுகிற வகை. முழு சார்ஜுக்கு மூன்று மணி நேரம் வந்தது, இப்போது ஒன்றரை மணிதான் வருகிறது. சுவிட்சும் தளர்ந்துவிட்டது. அடுத்த முறை பேட்டரி மாற்றக்கூடியதாக வாங்குவேன்.

கம்பூட்ஸ் நல்ல பொருள், ஆனால் பெண்களுக்குக் கிடைப்பது கஷ்டம். எனக்கு ஐந்தாம் நம்பர் வேண்டும். நாலு கடை ஏறி இறங்கினேன், எல்லாம் ஏழிலிருந்துதான் தொடங்கியது. கடைசியில் ஆறாம் நம்பர் வாங்கி, தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன். வயலில் பாதி வேலை பெண்கள்தான் செய்கிறோம், செருப்புக் கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. முழங்கால் உயர பூட் அந்த இடத்தை மறைத்துவிடுகிறது. ஒரு பல்லும் இறங்காது என்று நான் சொல்ல மாட்டேன், வெறுங்காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் என்று மட்டும் சொல்வேன். மல்லாட்டை பிடுங்க, புல் அறுக்க, மடை திறக்கப் போக நன்றாக உதவுகிறது. நாற்று நடவுக்கு ஆகவே ஆகாது. சேற்றில் புதைந்து பூட் நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். போடும் முன் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். என் பூட்டிலிருந்து தேரையும் தேளும் விழுந்திருக்கின்றன.

இவ்வளவு செய்தும் கடிக்கலாம். போன வருடம் பக்கத்து நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிய ஓர் அம்மாவைக் கண்ணாடி விரியன் கையில் கடித்துவிட்டது. மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் 108. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்து பிழைத்து வந்தார். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட பகுதியை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைதான். அந்த நாலு பாம்புக்கும் ஒரே முறிவு மருந்து, அதுவும் இலவசம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை. இந்தியாவில் சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. எங்கே அதிகம் நடக்கிறது என்று கணக்கு இருந்தால்தானே அங்கே மருந்து இருக்கும்? நல்ல முடிவு.

மேற்கு மூலைச் சாரை இன்னும் இருக்கிறது, அல்லது அதன் குட்டி. வைக்கோல் போரில் எலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஊர்ப் பையன்கள் கம்போடு வந்தால் அத்தை திண்ணையிலிருந்தே சத்தம் போட்டு விரட்டிவிடுகிறார். புற்றுக்குப் பால் ஊற்றுவதை அவர் நிறுத்தவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி வலையை நான் செருகும் முன் அவரே செருகிவிடுகிறார்.

வலையில் இப்போது கால்மாட்டுப் பக்கம் ஒரு சாண் கிழிசல். தைத்துப் போட்டும் விட்டுப்போகிறது, புதிது வாங்க வேண்டும். இதுவரை இருந்தது கரு நீலம், ராத்திரி அதன்மேல் என்ன ஊர்ந்தாலும் தெரியாது. இந்த முறை வெள்ளை வாங்கப் போகிறேன்.