குன்னூர் ஹிப் ஹாப் வகுப்பு: மைக் செட்காரன் பார்வையில்

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பழைய பங்களா மாடியில் சனி, ஞாயிறு ஹிப் ஹாப் பயிற்சி நடத்துகிறார்கள். தலைக்கு 1,800 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. அக்கா மகளைக் கூட்டிப்போனேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று மைக் செட் போடுகிறவன், சும்மா இருக்க முடியுமா? ஓரமாக உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் கேட்டேன். கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் டிஜே, ஆட்டம், ராப், கிராஃபிட்டி என்னும் சுவரெழுத்து என்ற நாலு பாடத்தில் மூன்றுதான் தேறும்.

முதல் பாடமே டான்ஸ் இல்லை, ஸ்பீக்கர். கோவையிலிருந்து வரும் பயிற்சியாளர் தம்பி, ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11-லிருந்து ஆரம்பித்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். பள்ளிக்கூடம் திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைக்கிறார். நுழைவு பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். அந்த ஊரில் ஆளுயரப் பாக்ஸ்களை அடுக்கித் தெருவில் பாட்டுப் போடுவது ஏற்கெனவே பெரிய தொழில். பிராங்க்ஸிலும் பார்க்கில் பார்ட்டி வைத்தால் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுப்பார்களாம். இதைக் கேட்டு அறையில் சத்தமாகச் சிரித்தது நான் ஒருவன்தான். ஈ.பி.காரர்கள் யாராவது படிக்கலாம், இதோடு விடுகிறேன்.

அப்புறம் செய்து காட்டினார். பாட்டில் குரல் நின்று டிரம்ஸும் காங்கா மேளமும் மட்டும் ஓடும் சில விநாடி உண்டல்லவா, கூட்டம் அப்போதுதான் வெறியாக ஆடுகிறது என்பது ஹெர்க்கின் கண்டுபிடிப்பு. அந்த இடம்தான் பிரேக். அதில் ஆடுகிறவர்கள் பி-பாய், பி-கேர்ள். அந்தப் பிரேக்கை நீட்ட ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி, அதைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் பிரேக் முடிகிற நொடியில் மற்றதில் தொடங்க வேண்டும். தம்பி ரிக்கார்டின் லேபிளில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். எத்தனை சுற்றுப் பின்னால் இழுக்க வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. பிராங்க்ஸின் இன்னொரு டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதையே கிரேயானால் கோடு போட்டுச் செய்தவர். தட்டை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மோட்டார் ஏன் வேண்டும் என்பதையும் சரியாகச் சொன்னார்: பெல்ட் பிளேயரில் தட்டைப் பிடித்து விட்டால் வேகம் ஏறத் திணறும்.

ஒரு குறை. பிள்ளைகள் குதிக்கிற அதே மரத்தரையில் மேஜை போட்டு பிளேயரை வைத்திருந்தார்கள். குதிக்கும்போதெல்லாம் ஊசி தாவியது. கடப்பாக் கல் ஒன்றைத் தேடி, அடியில் தடித்த ரப்பர் வைத்து ஏற்றச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதாங்கண்ணா" என்றார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஊசி தாவாமல் நின்றது.

ஆட்டப் பாடம் நிதானமானது. நின்று ஆடும் டாப்ராக், தரையில் கைகால் ஓடும் ஃபுட்வொர்க், அப்படியே உறையும் ஃப்ரீஸ், இவ்வளவுதான். முதுகில் சுழலும் பவர் மூவுக்குப் பிள்ளைகள் துடித்தார்கள். மணிக்கட்டு பழகாமல் கூடாது என்று மறுத்துவிட்டார். குன்னூர்க் குளிரில் அது நியாயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இருந்ததைச் சொன்னதும் சில அம்மாக்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். கடைசியில் வட்டம் கட்டி, சைஃபர். படுகர் ஆட்டமும் வட்டம்தான், ஆனால் அங்கே எல்லாரும் சேர்ந்து ஒரே அடி வைப்பார்கள். இங்கே ஒருவர் நடுவில் இறங்க, மற்றவர்கள் அவரை உசுப்பேற்றுகிறார்கள்.

ராப் பாடத்தில் கோக் லா ராக் பற்றிச் சொன்னார். ஹெர்க் பார்ட்டியில் மைக்கைப் பிடித்து நண்பர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர் பேரை நாங்கள் படிக்கிறோமே, அதற்குத் தாளம் சேர்த்தால் பாதி ராப் வந்துவிடும். பிள்ளைகள் தமிழிலேயே எழுதினார்கள். ஒரு சின்னப் பெண் எழுதியது:

"கட்டபெட்டு பஸ்ஸுல கால்வைக்க எடமில்ல
முட்டிமோதி ஏறிட்டேன், மூச்சுவிட முடியல"

எதுகை தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கைதட்டலும் அவளுக்குத்தான்.

கிராஃபிட்டி பாடம் தேறாது. அச்சடித்த தாளில் எழுத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு பழைய பலகைகூடவா கிடைக்கவில்லை? ஹெர்க் பார்ட்டிக்குப் பிறகு சுவரெழுத்து வந்ததுபோல் சொன்னதும் தவறு. டாகி 183 என்று ஊர் முழுக்கத் தன் பேரை எழுதிய பையனைப் பற்றி 1971-லேயே நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்துவிட்டது.

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக அனுப்பலாம். முட்டிக்கு உறை கொடுத்து அனுப்புங்கள், அங்கே இருப்பவை தளர்ந்து போனவை. யூபிஎஸ் கிடையாது, கரண்ட் போனால் டீ குடிக்க விட்டுவிடுகிறார்கள். வண்டி நிறுத்தவும் இடமில்லை. கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டுவிட்டு நடந்து ஏறுவதுதான் வழி.