டெபியன், பக்சில்லா, கிட்ஹப்: வழு அறிக்கைக்கு எது நல்ல வீடு?

மென்பொருளில் உள்ள பிழைகளை, அதாவது வழுக்களை (bugs), பதியும் அமைப்புகளை ஒப்பிடும்போது, புகாரை எழுதி அனுப்புவது எவ்வளவு எளிது என்பதைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். அதை மட்டும் பார்த்தால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளமான கிட்ஹப் வென்றுவிடும். எனக்கு முக்கியமான கேள்வி வேறு. நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அதே வழுவில் சிக்கினால், அது எந்தப் பதிப்பில் தொடங்கியது, யார் என்ன சோதித்தார்கள், ஏன் இன்னும் சரியாகவில்லை என்பதெல்லாம் அவருக்குக் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்வது, மூன்றிலும் பழையதான டெபியனின் அமைப்புதான். டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் ஒரு வழங்கல் (distribution). அந்த அமைப்பு 1994இல் இயன் ஜாக்சன் தொடங்கியது. இன்றும் புகார் அனுப்புவதும் மாற்றுவதும் மின்னஞ்சலில்தான். ரிப்போர்ட்பக் என்ற கருவி, வழு உள்ள தொகுப்பின் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளின்) பதிப்பையும் அது சார்ந்திருக்கும் மற்றத் தொகுப்புகளின் பதிப்புகளையும் தானே திரட்டி மடலில் சேர்த்துவிடும். டெபியனில் ஸ்டேபிள் (பயனர்களுக்கான நிலையானது), டெஸ்டிங் (அடுத்த வெளியீட்டுக்குத் தயாராவது), அன்ஸ்டேபிள் (புதிய மாற்றங்கள் முதலில் வருவது) என மூன்று கிளைகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. அன்ஸ்டேபிளில் சரிசெய்யப்பட்ட வழு ஸ்டேபிளில் அப்படியே இருக்கலாம். ஆகவே எந்தப் பதிப்பில் காணப்பட்டது, எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்று இரண்டையும் தனித்தனியே குறிக்கிறார்கள். கடுமையான புதிய வழு உள்ள பதிப்பு டெஸ்டிங்குக்குள் நுழையாமல் தடுக்கப்படுவதும் இந்தக் குறிப்புகளை வைத்துத்தான். பதிவேடு வெறும் ஆவணமாக நின்றுவிடாமல், வெளியீட்டின் வாசலில் காவலும் காக்கிறது.

விலையும் உண்டு. ஒரு வழுவின் நிலையை மாற்றக்கூடக் கட்டளைகளை மடலில் எழுதி அனுப்ப வேண்டும். புகார் செய்தவரின் மின்னஞ்சல் முகவரி எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். புதியவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

வழுப் பதிவு மென்பொருளான பக்சில்லா 1998இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பிலிருந்து வந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் மொசில்லா, நிரல்மாற்றியான (compiler) ஜிசிசி, அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸ் ஆகியவை இன்றும் அதையே பயன்படுத்துகின்றன. படிவத்தில் கட்டங்கள் ஏராளம். முதல்முறை பார்ப்பவருக்கு வருமான வரிப் படிவம் போலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கட்டங்களால் என்ன கிடைக்கிறது என்பதை லிப்ரெஆபிஸில் பார்க்கலாம். அங்கே பதிப்புக் கட்டத்தில் வழு முதலில் தோன்றிய பதிப்பைத்தான் எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, நேரடியாக இயக்கக்கூடிய பழைய வடிவங்களின் களஞ்சியத்தையே வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாத ஒரு தன்னார்வலர் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இதில் சரி, இதில் தவறு என்று பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய், வழுவைக் கொண்டுவந்த மாற்றத்தையே சுட்டிக்காட்ட முடியும். தமிழ் ஆவணத்தில் எழுத்து உடைந்து தெரிகிறது என்று முறையிடுபவரும் இந்தச் சோதனையைத் தானே செய்யலாம். நிரலாளர் அல்லாதவரை இவ்வளவு மதிக்கும் ஏற்பாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கிட்ஹப்பில் இருப்பது அடிப்படையில் திறந்தது, மூடியது என்ற இரண்டு நிலைகள், கூடவே சில அடையாளச் சீட்டுகள் (labels). பெரும்பாலான நிரலாளர்களிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. நிரலும் வழுவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நிரல்மாற்றிக் கருவிகளான எல்எல்விஎம் 2021 டிசம்பரிலும், பைத்தான் மொழியின் முதன்மை வடிவமான சிபைத்தான் 2022 ஏப்ரலிலும் அங்கே குடிபெயர்ந்தன. சிபைத்தானின் நிரல் 2017இலேயே கிட்ஹப்புக்குப் போய்விட்டதால் அந்த முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் 2018 முதல் கிட்ஹப் மைக்ரோசாஃப்டின் சொத்து. ஒரு சமூகத்தின் பல ஆண்டு உரையாடல் இன்னொருவரின் சேவையகத்தில் கிடப்பது எனக்கு உறுத்துகிறது. டெபியனின் அமைப்பும் பக்சில்லாவும் யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள். தரவோடு சேர்த்து நம் கையில் வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு இது: பல கிளைகளைப் பராமரிக்கும் வழங்கலுக்கு டெபியன் முறை. நிரலாளர் அல்லாத சோதனையாளர்கள் நிறைந்த பெரிய செயலிக்குப் பக்சில்லா. இரண்டு மூன்று பேர் பராமரிக்கும் சிறு நிரல் திட்டத்துக்குத் தயங்காமல் கிட்ஹப், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கும் படிவத்தை முதல் நாளே அமைத்துவிட வேண்டும். இரண்டாவது, சில வாரம் யாரும் பேசாத புகார்களைத் தானாக மூடும் ரோபோவைச் சேர்க்கவே கூடாது. பராமரிப்பவருக்கு நேரமில்லை என்பதற்காக, இன்னும் தீராத வழுவைத் தீர்ந்ததுபோல் காட்டுவது புகார் எழுதியவருக்குச் செய்யும் அநியாயம். நேரமில்லை என்று ஒரு வரி எழுதி, புகாரைத் திறந்தே வைத்திருக்கலாம்.