போவாவா, மஞ்சள் அனகோண்டாவா? டெல்டா வீட்டுக்கு எது ஒத்துவரும்

பெரிய பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது நம் மலைப்பாம்பைத்தான். அதற்கு வழியே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. அடுத்து பேச்சு தென்னமெரிக்கப் பாம்புகள் இரண்டில் வந்து நிற்கும்: போவா, மஞ்சள் அனகோண்டா. இரண்டும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டன. காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

இரண்டிலும் பெண்தான் பெரிது. பெண் போவா பெரும்பாலும் 6 முதல் 8 அடி. 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கூண்டு போதும். பெண் அனகோண்டா 10, 12 அடி வளரும். நன்றாகத் தின்றால் எடை அரை மூட்டை நெல்லைத் தொடும். 8-க்கு 4 அடிக்குக் குறைந்து எதுவும் சரிவராது. இரண்டுமே 20 ஆண்டு இருக்கக்கூடியவை.

உண்மையான வித்தியாசம் தண்ணீரில்தான். போவாவுக்குச் சுருண்டு உட்காரும் அளவு ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும். அனகோண்டாவுக்கு உடம்பு முழுவதும் முங்க வேண்டும். 200 லிட்டராவது பிடிக்கும், அடியில் வடிகுழாய் வைத்த தொட்டி தேவை. அது கழிவதும் தண்ணீருக்குள்ளேதான். அன்றே இறைத்து மாற்றாவிட்டால் நாற்றம் மட்டுமல்ல, நோயும் வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் கடலோர ஊர்களில் ஒவ்வொரு முறையும் 200 லிட்டருக்கு எங்கே போவது?

ஐப்பசி, கார்த்திகையில் ஈரமே தொல்லை. போவாவுக்கு வேண்டியது 60, 70 சதவீத ஈரப்பதம். அடைமழையில் நம் வீட்டுக் காற்றே அதைத் தாண்டிவிடும். வெளிநாட்டு வீடியோ பார்த்துத் தண்ணீர் தெளிக்காதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு கோடையில் நல்ல விரிப்பு. மழைக்காலத்தில் அதை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். ஈரத்திலேயே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளம் கட்டி, அழுகத் தொடங்கும். தொட்டியோடு கூடிய அனகோண்டா கூண்டில் காய்ந்த மேடு ஒன்று இல்லாவிட்டால் இது வந்தே தீரும்.

வெயிலில் மட்டும் அனகோண்டா கை ஓங்கும். தண்ணீரில் கிடந்து தப்பித்துக்கொள்ளும். கத்திரியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறை போவாவைக் கொன்றுவிடும். அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. ஹீட்டர் இங்கே மார்கழி, தை இரவுகளுக்குத்தான். 100 வாட் செராமிக் ஹீட்டரைக் கம்பிவலைக்கு வெளியே மாட்டி, சூடு கூடினால் ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைச் சூடான மூலையில் திருகி இறுக்குங்கள். தொங்கவிட்டால் பாம்பு அதைக் குளிர்ந்த பக்கம் இழுத்துப் போட்டுவிடும். ஹீட்டர் விடாமல் எரிந்து முதுகு வெந்துவிடும்.

தீனி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதி: இரை பாம்பின் பருத்த இடத்தைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. வளர்ந்த போவாவுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய வெள்ளெலி. பெரிய அனகோண்டாவுக்கு முயல், மாதம் ஒன்று. கிட்டி வைத்துப் பிடித்த வயல் எலி வேண்டவே வேண்டாம். அது எந்த வரப்பில் மருந்து தின்றதோ யாருக்குத் தெரியும்? உயிருள்ள எலியும் ஆகாது, பாம்பைக் கடித்துக் குதறிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள், கக்கிவிடும்.

கையாள்வதில் போவா சாது. மஞ்சள் அனகோண்டா கடிக்கத் தயங்காது. 8 அடியைத் தாண்டினால் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் கூண்டைத் திறக்கக் கூடாது. தப்பினால் போவாவின் முதுகுப் புள்ளிகளைக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் அடித்துவிடுவார்கள். அனகோண்டாவோ வாய்க்காலில் இறங்கிவிடும், பிறகு கண்ணில் படாது. இரட்டைப் பூட்டு இரண்டுக்கும் கட்டாயம்.

எங்கள் ஓட்டு போவாவுக்கே. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படி ஒரு நிலையில் போவாவைத் துணிப்பையில் கட்டி, துளையிட்ட பெட்டியில் வைத்து ஒரே ஆள் தூக்கிப் போய்விடலாம். அனகோண்டாவுக்கு இரண்டு ஆளும், மோட்டார் ஓடாத வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீரும் வேண்டும்.