மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு சித்திர வகுப்பு

மகளைச் சேர்த்திருக்கிறேன், குடுக்கிற காசுக்குப் பிழையில்லை. படிப்பிக்கிற சேர் முதலில் ஒரு முட்டையை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்கச் சொல்வார், பென்சில் அப்புறம்தான். வெளிச்சம் படும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டு, மெல்ல மெல்ல இருட்டாக்கி, நிழல் பக்க விளிம்பில் மேசையிலிருந்து தெறிக்கும் மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு கீற்று வைத்தால், தட்டைத் தாளில் முட்டை உருண்டு நிற்கிறது. அந்தக் கீற்றைத்தான் பிள்ளைகள் கறுப்படித்து மூடிவிடுவார்கள். விரலால் தேய்த்தால் ஏச்சு விழும்!

எட்டம் காட்டும் பாடத்துக்குப் பழைய கல்லடிப் பாலம். அதன் இரும்புச் சட்டங்கள் கண் மட்டத்தில் ஒரே புள்ளியை நோக்கிக் குறுகிப் போவதை அங்கேயே நின்று வரைகிறார்கள். 2பி, 6பி என்ற மென்மையான, கறுப்பாக விழும் பென்சில்கள் நாங்கள்தான் வாங்க வேண்டும். அறைக்கு ஒரே ஒரு மின்விசிறி, அதுதான் பெரிய கரைச்சல்.