டிரை-எல்மார் 16-18-21: ஏழு வருடம் கழித்து

லைக்கா டிரை-எல்மார்-எம் 16-18-21 லென்ஸ் என் கைக்கு வந்து இந்தத் தையோடு ஏழு வருடம் ஆகிறது. சென்னையில் தொழிலை விட்டு ஓய்ந்த ஒரு மூத்த படக்காரரிடம் பழசாக வாங்கினேன். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் ஓரம் வரை கூர்மை, நிறம் சுத்தம் என்று அதையே பாடியிருப்பேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏழு வருடம் கழித்து நான் சொல்ல நினைப்பது தரையைப் பற்றி.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் லைக்காவின் எம்8 கேமரா வந்த அதே வருடம் வந்த லென்ஸ் இது. 16, 18, 21 என்பவை இதன் மூன்று குவியத் தூரங்கள், மில்லிமீட்டரில்; எண் குறையக் குறையப் படத்தில் அடங்கும் அகலம் கூடும். எம்8-இன் சென்சார் ஃபிலிம் அளவை விடச் சின்னது என்பதால் 16-18-21 அதில் 21-24-28 போல நடந்துகொண்டது. என்னிடம் இருப்பது எம் 240, முழு அளவு சென்சார். அதனால் 16-இன் 107 டிகிரி பார்வைக் கோணமும் அப்படியே கிடைக்கிறது; 18-ல் 100, 21-ல் 92. எடை 335 கிராம், நீளம் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டீக்கடை கிளாஸை விடக் குட்டை. மூன்று குவியத் தூரத்துக்கும் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் எஃப்/4 வரைதான் திறக்கும்; எண் கூடினால் துளை சிறுக்கும். வளையத்தைத் திருப்பினால் மூன்று இடத்தில் கிளிக் என்று நிற்கும். கண்ணை எடுக்காமல் விரலாலேயே எண்ணிக்கொள்ளலாம்.

எம் 240-இல் கண் வைத்துப் பார்க்கும் உள் ஃபைண்டரில், படத்தின் எல்லையைக் காட்ட 28-ஐ விட அகலமான சட்டம் கிடையாது. 1998-ல் வந்த 28-35-50 டிரை-எல்மாரில் வளையத்தைத் திருப்பினால் உள்ளே சட்டமும் மாறும். இதில் அந்த வசதிக்கு வழியே இல்லை. கேமராவின் தலைக்கு மேல் ஒரு வெளி ஃபைண்டர் மாட்ட வேண்டும். லைக்காவின் யுனிவர்சல் ஃபைண்டரில் 16, 18, 21, 24, 28 ஐந்தும் உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது சட்டம் விலகாமல் இருக்கத் தூரத்துக்கு ஒரு வளையம், உள்ளே ரசமட்டம் மாதிரி ஒரு நீர்க்குமிழ். பார்க்கப் பெரிய பொருள். மதுரை மாசி வீதியில் ஒருவர், "என்னண்ணே, கேமராவுக்கு மேல இன்னொரு கேமராவா?" என்று கேட்டார். அந்தக் குமிழுக்காகவே நான் அதைக் கழற்றுவதில்லை.

அந்தக் குமிழ்தான் இந்த லென்ஸின் பாடம். மகாலில் முதல் நாள் தூண்களின் உச்சி வரை வேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்தேன். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய தூண்கள் அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்கிற மாதிரி விழுந்தன. அகலம் கூடக் கூட இந்தச் சாய்வும் கூடும். குமிழை நடுவில் நிறுத்தி, கேமராவைத் துளியும் சாய்க்காமல் எடுத்தேன். தூண்கள் நேராக நின்றன. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. வெறும் தரை.

கேமராவை மட்டமாகப் பிடித்தால் கண் உயரக் கோடு படத்தின் நடுவில் வந்து உட்காரும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நிலம். 16-ல் எடுக்கிறவன் பாதிப் படத்தைத் தரைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முதல் ஒரு வருடம் அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். பிறகு, வெட்டுவதற்கு மனம் வராத தரையைத் தேட ஆரம்பித்தேன். மகாலில் காலை வெயில் வளைவுகளின் நிழலை நீளமாகக் கிடத்தும் நேரம் எது, எந்தப் பக்கம் நின்றால் அந்த நிழல் என் கால் வரை வரும் என்றெல்லாம் இன்று எனக்குத் தெரியும். மண்டியிட்டால் தரையில் கிடக்கும் நிழல் மெலியும், நின்றால் தடிக்கும். ஃபோகஸ் வளையத்தை விட என் முழங்கால்தான் அதிகம் வேலை செய்கிறது.

மதுரையில் எதுவும் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி இல்லை. தூணுக்குத் தூண் நெருக்கம், சந்துக்குச் சந்து நெருக்கம், திருவிழாவில் ஆளுக்கு ஆள் நெருக்கம். பின்னால் போகலாம் என்றால் பின்னாலும் ஒரு சுவர் இருக்கும். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு அப்படிப்பட்ட இடம். குடை மாதிரிக் கவிந்த பாறை, அதன் உள்வளைவில் புடைப்புச் சிற்பங்கள். சிங்கத்தின் மேல் யட்சி, எதிரே யானை மேல் ஒருவன், பக்கத்தில் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. இடம் இல்லாமல் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். 21-ல் யட்சி வந்தால் யானை வராது. 16-ல் அத்தனையும் வந்தது. ஓரங்களில் நேர்கோடுகள் வெளியே பிதுங்கும் லேசான பீப்பாய் வளைவு உண்டு. பாறைக்கு அது தெரியாது, கட்டடத்துக்குக் கணினியில் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். எஃப்/4-ல் மூலை கொஞ்சம் இருளும், எஃப்/5.6-ல் குறையும்.

கூட்டத்தில் நான் 18-ஐ விட்டு நகர்வதில்லை. எஃப்/8, ஃபோகஸ் ஒன்றரை மீட்டர். முக்கால் மீட்டரில் இருந்து அடிவானம் வரை தெளிவு. தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்க்கவே வேண்டாம். சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது வடம் பிடிக்கிறவர்களின் மூச்சு கேட்கிற தூரத்தில் நின்று எடுக்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும், மூலையில் வருகிற முகத்தை இழுத்துவிடும். தெரிந்த மனிதரை ஓரத்தில் வைக்காதீர்கள், நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அரை மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு 0.7 மீட்டரோடு நின்றுவிடும். அதற்குள் போனால் வளையத்தில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப வேண்டியதுதான்.

தேர் அன்றைக்கு ஒரு வருடம் நான் செய்த தவற்றையும் சொல்கிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும். லென்ஸ் 21-ல் இருந்தது, ஃபைண்டர் 16-ல் நின்றது. சக்கரம் முழுசாகத் தெரிகிறது என்று நம்பி எடுத்த பதினோரு படத்திலும் சக்கரம் பாதி. இரண்டையும் இணைக்கும் கம்பி எதுவும் இல்லை, நம் கைதான் இணைப்பு. அன்றில் இருந்து முதலில் ஃபைண்டரைத் திருப்பி, பிறகுதான் லென்ஸைத் தொடுவேன். படத்தோடு குவியத் தூரமும் சரியாகப் பதிய வேண்டுமானால் கேமரா மெனுவிலும் அதைச் சொல்ல வேண்டும். திருவிழா நேரத்தில் நான் அதைச் செய்வதில்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் எஃப்/4 கையைக் கட்டிவிடும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அகல லென்ஸ் என்பதால் கை நடுக்கம் தெரியாது, ஆனால் மனிதர்கள் அசைகிறார்கள். இருட்டில் மனிதர்களை எடுப்பதே உங்கள் வேலை என்றால், எஃப்/1.4-ல் திறக்கும் ஒரே ஒரு 21 வாங்குங்கள், இது வேண்டாம். பக்தர்கள் தோல்பையில் இருந்து பீய்ச்சும் தண்ணீரும் உண்டு. லென்ஸுக்குத் தண்ணீர்க் காப்பு கிடையாது. ஷவர் கேப் ஒன்றை ரப்பர் பேண்டோடு மாட்டி, எடுக்கும் நொடிக்கு மட்டும் விலக்குவேன். அந்த நேரத்தில் கீழே பார்த்தால் ஈர மணலில் ஆயிரம் கால் தடம். இந்த லென்ஸ் இல்லாவிட்டால் அழகரை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

விற்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. 21 மட்டும் போதும் என்றால் தனி லென்ஸே நல்லது, வெளிச்சமும் கூடக் கிடைக்கும். ஒரே கைப்பையோடு நாள் முழுக்க நடக்கிற எனக்கு, கேமராவோடு சேர்த்தும் ஒரு கிலோவைச் சொற்பமாகத் தாண்டும் இந்த மூன்று கண் போதும்.

மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் ஒரு டைலர் அண்ணனை 18-ல் எடுத்திருந்தேன். தூணில் நாயக்கர் சிலை, அதன் கீழே அவர் மிஷின், மிச்சமெல்லாம் தரை. கடைகள் அங்கிருந்து மாறிப் போன பிறகு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிலையைப் பார்க்கவில்லை, தன் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே சிதறிக் கிடந்த துண்டுத் துணிகளில் விரலை வைத்து, "இந்தப் பச்சை பாவாடை தச்சது, இது கருப்பசாமி சல்லடத்துக்கு வெட்டுனது, இந்தா, இது அந்த வருசம் அழகர் வேசத்துக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.