காகிதமா, வண்ணமா, களிமண்ணா: மாலை வகுப்புக்கு எது சரிவரும்?

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது தனி வேலை. அவர்கள் பகல் முழுக்கச் ‘சரியா, தப்பா’ என்ற கேள்விக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். பசியும் களைப்பும் வேறு. ஆறு வயதுக் குழந்தையும் பதினொரு வயதுப் பையனும் ஒரே மேசையில் இருப்பார்கள். கிடைப்பது ஒரு மணி நேரம். எடுத்துவைக்கவும் துடைக்கவுமே இருபது நிமிடம் போய்விடும். அதனால் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளையின் கை தவறினால் அந்தப் பொருள் என்ன செய்கிறது?

காகித மடிப்பில் தொடங்கலாம். 1837-இல் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய பிரெட்ரிக் ஃப்ரோபெல் தன் பாடத்திட்டத்தில் சேர்த்திருந்த கைவேலைகளில் இதுவும் ஒன்று. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சிந்தாது, ஒட்டாது, ஒரு தாள் போதும். ஆனால் தாளில் விழுந்த தடம் போகாது. படகு வரை எல்லோரும் வந்துவிடுவார்கள். கொக்கில்தான் சிக்கல். சதுரமாக மடித்த பிறகு மேல்தாளைத் தூக்கி, இரண்டு ஓரங்களையும் உள்ளே வரவிட்டு, நீண்ட வைர வடிவமாகத் திறக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே பாதி வகுப்பு நின்றுவிடும். நாம் ஒவ்வொருவரிடமாக ஓடுவோம். அதற்குள் இரண்டு முறை மடித்துப் பிரித்த தாள் துணிபோலத் துவண்டு, மூன்றாம் முறை மடிப்பே நிற்காது. ‘எனக்கு வராது’ என்று ஒரு பிள்ளை சொல்வதை மடிப்பு வகுப்பில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெரிய தாளாகக் கொடுத்து, பெரியவனையும் சின்னவளையும் ஜோடியாக உட்காரவைத்தால் ஓரளவு சரியாகும். கிழித்து ஒட்டுவது வேறு கதை. அதில் தப்பு என்றே எதுவும் இல்லை.

வண்ணம் என்றால் பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள். அதன் குறை வேறு மாதிரி. ஈரம் காயும் முன் மேலே மேலே பூசினால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிவிடும். பத்து நிமிடம் முன்பு பளிச்சென்று இருந்த படம் கண்ணெதிரே மங்கிப்போவதை ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமான காட்சி. பன்னிரண்டு நிறப் பெட்டியை ஒதுக்கிவிட்டு மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றை மட்டும் கொடுங்கள். மஞ்சளில் துளி நீலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் பச்சை வருவதற்குள் புட்டி காலியாகும். தூரிகை கழுவ ஒரு கிண்ணம், சுத்தமான தண்ணீருக்கு ஒரு கிண்ணம். அக்ரிலிக் வேண்டாம், காய்ந்தால் உடுப்பிலிருந்து போகாது. தண்ணீரில் கழுவினால் போகும் போஸ்டர் வண்ணமே நல்லது. ஈரத் தாள்களைக் காயவைக்க இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

களிமண்ணுக்கு வருகிறேன். என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், மறைக்கவில்லை.

ஒருநாள் ஏழு வயதுப் பெண் ஒருத்தி யானை செய்தாள். உடம்பு கொழுகொழுவென்று, கால்கள் விரல் தடிமனில். நிறுத்தியதும் நான்கு காலும் மெதுவாக விரிந்து, யானை தரையில் படிந்தது. அவள் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்களைப் பிய்த்து உருட்டி, குட்டையாகவும் தடியாகவும் செய்து மறுபடி வைத்தாள். இந்த முறை நின்றது. எடை, தடிமன் என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. களிமண் தானாகச் சொல்லிக்கொடுத்தது, அதுவும் முதல் தவறின் தடத்தைக்கூட விட்டுவைக்காமல்.

நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஒட்டும் இரண்டு முகங்களையும் குச்சியால் கீறி, மண்ணைத் தண்ணீரில் குழைத்த குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். இதை விட்டால் காயும்போது தும்பிக்கை கழன்று விழும்.

துடைக்கும் வேலை மூன்றிலும் களிமண்ணுக்கே அதிகம். கையை நேராகக் குழாயில் கழுவவிட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். முதலில் வாளியில் கழுவட்டும், மண் அடியில் படியட்டும். காய்ந்த மண்ணைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா என்ற நுண்ணிய மணல்சத்து இருக்கிறது, மூச்சில் போகக் கூடாது. ஈரத் துணியால் துடைப்பதுதான் முறை. இவ்வளவும் முடியாது என்றால் இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம்.

எதை எடுத்தாலும் பரிசு அறிவிக்காதீர்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், வரைந்தால் விருது உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட மழலையர், பிறகு தாங்களாக வரையக் கிடைத்தபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். முன்பு அவர்கள் ஆசையாய்ச் செய்த வேலைதான் அது.

என் வரிசை இதுதான்: முதல் நாலு வாரம் களிமண், கை பயம் தெளிந்த பிறகு வண்ணம். காகிதத்தை வாசலருகே ஒரு பெட்டியில் வைத்துவிடுவேன். அழைத்துப்போக ஆள் வராமல் காத்திருக்கும் பிள்ளைகள் அதிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, ‘கொக்கு எப்படி?’ என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் ஓட வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கலாம்.