ஒரு பக்க மூச்சா, இரு பக்க மூச்சா?

ஃப்ரீஸ்டைல் நீச்சலில் (குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் முறை) கால் உதைப்பும் கை வீச்சும் ஓரளவு வந்ததும் அடுத்த தலைவலி மூச்சு. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை ஒரே பக்கம் திரும்புவதா, மூன்றுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி மாற்றித் திரும்புவதா?

புதிதாகப் பழகுபவருக்கு முதலாவதுதான் சரி என்பேன். காற்று அடிக்கடி கிடைக்கிறது, பதற்றம் குறைகிறது, பதற்றம் குறைந்தால்தான் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பவே முடியும். தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போய்விடும், அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் நகராது. ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். 2012 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற கேட்டி லெடெக்கியே பெரும்பாலும் வலப்பக்கம்தான் மூச்சு எடுப்பார், அதனால் இது கற்றுக்குட்டிகளின் வழி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நீந்துங்கள்.

சிக்கலும் உண்டு. எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் உடல் அந்தப் பக்கம் மட்டும் நன்றாக உருளும், முன்னால் நீளும் கை குறுக்கே போகும், நேராகப் போக வேண்டியவர் குளத்தில் தடம் பிரிக்கும் கயிற்றில் போய் முட்டுவார். மூன்று வீச்சு முறை இதைச் சரிசெய்கிறது. கடலில் அலை எந்தப் பக்கம் அடித்தாலும் சமாளிக்கலாம். ஆனால் தொடக்கத்தில் 25 மீட்டர் முடிவதற்குள் மூச்சு முட்டும், அதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீருக்குள் காற்றை வெளியே விடாமல் அடக்கிவைப்பதுதான். எந்த முறையானாலும் முகம் உள்ளே இருக்கும்போதே குமிழி விடுங்கள்.

ஒரே பக்கம் 50 மீட்டர் நிற்காமல் வந்தபிறகு, போகும்போது வலம், திரும்பும்போது இடம் என்று பழகுங்கள். மூன்று வீச்சை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.